பலகையில் ஏறிய ஒரே ஆம்பளை

கோயம்புத்தூர் ஆண்பிள்ளைகளுக்கு 2058ஆம் வருஷம் ஆனி மாதத்தில் நேர்ந்த அவமானம் அதற்கு முன் இருநூறு வருஷத்தில் நேர்ந்ததில்லை. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ராஜநடை போட்டுக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற பெரிய மனிதர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் கைவீசி நடப்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர் மீசையை எடுத்தார்கள். சிறுவாணித் தண்ணீரே அந்த வாரம் கசந்தது என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு.

எல்லாம் மறுபாதை செய்த வேலை.

மறுபாதை என்பது ஓர் எந்திரம். சிங்காநல்லூரில் ஒரு பழைய நூல் மில்லை வெள்ளையடித்து அதற்குள் வைத்திருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய யார் வேண்டுமானாலும் போகலாம். தான் வாழ்க்கையில் எடுத்த ஒரு முடிவை, ஒன்றே ஒன்றை, மாற்றிச் சொல்லலாம். ஊரின் பஸ் டிக்கெட், கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, கைபேசிச் செய்தி என்று ஐம்பது வருஷத்தை அந்த எந்திரம் விழுங்கி வைத்திருந்தது. அந்த ஒரு முடிவை மட்டும் திருப்பிப் போட்டு, ஊரை முதலிலிருந்து லட்சம் தடவை ஓட்டிப் பார்க்கும். இன்றைக்கு இந்த ஊரில் எத்தனை பேருக்குக் கூடுதலாக வேலை இருந்திருக்கும் என்று ஓர் எண்ணைச் சொல்லும். கேட்ட கேள்வி பரம ரகசியம். பெயரும் எண்ணும் மட்டும் வாசலில் இருக்கும் பெரிய பலகையில் ஏறும்.

ஆண்கள் முண்டியடித்துக்கொண்டு போனார்கள். முதல் ஆளாகப் போனவர் தங்கமுத்து. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், காலைநடைச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். “நான் மட்டும் பேங்க் வேலையை உட்டுப்போட்டு பிசினஸ்ல எறங்கியிருந்தா, இந்த ஊரு சிங்கப்பூரு ஆயிருக்கும்” என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வந்தவர். எந்திரம் நாலு நிமிஷம் உறுமியது. பலகையில் வந்தது:

தங்கமுத்து: மாற்றமில்லை.

அவருக்குப் பின்னால் போன வக்கீல், டாக்டர், கான்ட்ராக்டர், ஒரு முன்னாள் கவுன்சிலர் எல்லாருக்கும் அதேதான். மாற்றமில்லை, மாற்றமில்லை, மாற்றமில்லை. மூன்று வாரத்தில் நாலாயிரம் ஆண்கள் போனார்கள். நாலாயிரம் பேரும் பிறந்ததும் வளர்ந்ததும் ஊருக்குத் தெரியவே இல்லை என்றது எந்திரம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டாவது வாரம் பெண்கள் போக ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்காக நர்ஸ் வேலையை விட்ட ஃபிலோமினா: 340. பேக்கரி வைக்கக் கடன் கேட்டுப் போய், ஆண்துணையோடு வரச்சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டதும் அந்த ஆசையையே விட்டுவிட்ட மாரியம்மாள்: 1,900. பலகையில் பெண்களின் பெயருக்கு எதிரே எண்கள் தீபாவளி வெடி மாதிரி வெடித்தன.

“மெசினை ஒரு பொம்பளதான் செஞ்சிருப்பா” என்றார் தங்கமுத்து நடைபாதையில்.

“மூணு பேராம் தலைவரே. மூணும் பொம்பளைங்கதான்” என்றார் பக்கத்தில் நடந்தவர்.

“பார்த்தீங்களா! நாஞ் சொன்னனா இல்லியா?”

இந்தக் கூட்டத்தில் எந்திரத்தின் பக்கமே தலைவைக்காமல் இருந்த ஒரே மனிதர் நந்தகோபால். எழுபத்துநாலு வயது. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் உற்பத்திப் பிரிவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஏன் போகவில்லை என்று கேட்பவர்களிடமெல்லாம் முழங்கால் வலியைக் காரணம் சொன்னார். முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தோசை வார்த்துக்கொண்டே அவர் மனைவி கோகிலவாணி சொன்னார்: “ஏனுங்க, வெள்ளிக்கிழமை எனக்கு மறுபாதைல நேரம் குடுத்திருக்காங்க. போயிட்டு வந்தர்றேன்.”

நந்தகோபாலின் வாயில் இருந்த தோசை அப்படியே நின்றுவிட்டது. “உனக்கென்ன அம்மணி கேக்கறதுக்கு இருக்குது?”

“எனக்குன்னு ஒண்ணு இருக்காதுங்களா?”

“என்ன கேக்கப்போறே?”

“ரகசியம்னு போட்டிருக்குதுல்லங்க” என்று சொல்லி அடுத்த தோசையைத் திருப்பினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாற்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்த முகத்தைப் படிக்க நந்தகோபாலுக்கு வரவில்லை.

அன்று முழுக்க அவர் 2014இல் இருந்தார்.

அடடா, 2014! இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அன்றைக்கு மனுஷர்களே வண்டி ஓட்டினார்கள். அவினாசி ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, ஹாரன் அடித்து, பக்கத்து வண்டிக்காரனைத் திட்டி, அதிலேயே அரைப் பொழுதைச் சந்தோஷமாகக் கழித்தார்கள். விடிந்ததும் அத்தனை கைபேசியிலும் ரோஜாப்பூப் படத்தோடு குட்மார்னிங் வந்து விழும். ஒரு நாள் வராவிட்டால் சொந்தக்காரர் செத்துப்போய்விட்டாரோ என்று பதறுவார்கள். அதற்கு முந்தின வருஷங்களில் பவர்கட் என்று ஒன்று இருந்தது. ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம். நந்தகோபாலைக் கேட்டால் இருபத்தாறு மணி நேரம் என்பார்.

அந்தப் பவர்கட்டில்தான் கோகிலா அவர் கண்ணில் பட்டாள். கரண்ட் போனதும் வடிவமைப்புப் பிரிவில் அத்தனை பேரும் கேன்டீனுக்குப் போண்டா தின்னப் போய்விடுவார்கள். அவள் மட்டும் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, செத்துப்போன கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பென்சிலால் வரைந்துகொண்டிருப்பாள். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி மணலின் சூடான வாசனை, ஜன்னல் வெயில், மூக்கு நுனியில் ஒரு கரித்தீற்று.

“என்னுங்க வரையறீங்க?” என்று ஒரு நாள் போண்டாவை நீட்டிக்கொண்டே கேட்டான் நந்தகோபால்.

“பம்ப்புக்குள்ள தண்ணியத் தள்ளற சக்கரமுங்க. இதோட இதழை இப்படிக் கொஞ்சம் வளைச்சா, பாதி கரண்ட்லயும் தண்ணி ஏறும். வோல்டேஜ் இல்லாத ஊர்லகூட ஓடுமுங்க.”

சக்கரம் புரியவில்லை. அந்தக் கரித்தீற்று புரிந்தது. ஆறு மாதத்தில் கல்யாணம்.

இதுவரைக்கும் நந்தகோபால் யாரிடமும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுவார். இதற்கு அடுத்தது யாருக்கும் தெரியாது.

2014 ஆவணி. லாரி நிற்கும் இடத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த முதலாளி, போகிற போக்கில் கூப்பிட்டுக் கேட்டார். “நந்து, குஜராத்துல, ராஜ்கோட்ல ஆறு மாசம் டிரெய்னிங். திரும்பி வந்ததும் புது டிசைன் பிரிவுக்குத் தலைமை. உங்க ஊட்டம்மாவைத்தான் போடலாம்னு இருக்கறேன். என்ன சொல்றே?”

அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நாலு வார்த்தை போதும். வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அது ஒரு காரணம். வந்து எனக்கு மேலே உட்காருவாளே என்பது இன்னொரு காரணம். அதை அவர் தனக்குத்தானேகூடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டதில்லை. வாய் தானாகத் திறந்தது.

“அவளுக்கு வெளியூர்த் தண்ணி சேராதுங்க மொதலாளி.”

அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் முடிந்துபோயிற்று. அவளுக்குப் பதிலாக வேறொருவனை அனுப்பினார்கள். கோகிலா ஒரு வருஷம் வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, மாவாட்டினாள். ஏன் என்று நந்தகோபாலும் கேட்கவில்லை.

இப்போது எந்திரத்துக்குள் அத்தனை கைபேசிச் செய்தியும் இருக்கிறது. ‘கோகிலா வரமாட்டாங்களாம், நந்து சொல்லிட்டான், வேற ஆளைப் போடு’ என்று அன்றைக்கே முதலாளி யாருக்காவது தட்டிவிட்டிருந்தால்? வெள்ளிக்கிழமை எந்திரம் அதைக் கோகிலாவிடம் வாசித்துக் காட்டினால்?

விஷயம் எவ்வளவு பெரிது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். புதன்கிழமை காலை, முழங்கால் வலியை மறந்து, நந்தகோபால் சிங்காநல்லூருக்குப் போனார். ஆண்கள் பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருந்ததால் நேரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே நஸ்ரின் என்ற பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். நாலாயிரம் ஆண்களுக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லி, கோயில் குருக்கள் மாதிரி ஒரு பொறுமை முகத்தில் படிந்திருந்தது.

“முன்கூட்டியே சொல்லிர்றேன் சார். மாற்றமில்லைன்னு வந்தா என்னைத் திட்டக் கூடாது.”

“எதுக்கு ஆம்பளைங்களுக்கு மட்டும் அப்படி வருதும்மா?”

“நீங்க பஸ்ல ஒரு சீட்டை விட்டு எழுந்தீங்கன்னா, உக்கார்றதுக்கு இருபது ஆம்பளைங்க நின்னுட்டிருந்தாங்க சார். நீங்க இருந்தாலும் போனாலும் பஸ் அதே மாதிரிதான் ஓடும். ஒரு பொம்பளை எழுந்தா அந்த சீட்டையே கழட்டி வெளிய போட்டுட்டாங்க. அவங்களுக்குப் பின்னாடி ஏற வேண்டிய பொண்ணுங்களும் ஏறலை. அவங்க சம்பாதிச்சிருந்தா யார் படிச்சிருப்பாங்க, அவங்க யாருக்கு வேலை குடுத்திருப்பாங்க... அதெல்லாம் சேர்ந்துதான் இந்த நம்பர்.”

நந்தகோபால் தொண்டையைச் செருமிக்கொண்டு, லாரி நின்ற இடத்தில் தான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். “அதைச் சொல்லாம இருந்திருந்தா?”

நஸ்ரின் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு பொத்தானைத் தட்டினாள்.

எந்திரம் இந்தத் தடவை நாலு நிமிஷத்தில் நிற்கவில்லை. பத்து, பதினைந்து, இருபது. வராண்டாவில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் நின்றபோது நஸ்ரின் மெதுவாக வாசித்தாள்.

“அம்மா ராஜ்கோட் போறாங்க. 2016ல பாதி கரண்ட்ல ஓடற பம்ப் வருது. ரெண்டு வருஷம் கழிச்சு பீளமேட்டுல நாப்பது பொண்ணுங்களை வச்சு ஒரு டெஸ்டிங் லேப். 2023ல சொந்தக் கம்பெனி. ஆப்பிரிக்காவுல ஒன்பது நாட்டுக்கு இங்கிருந்து பம்ப் போகுது. அந்த நாப்பது பொண்ணுங்கள்ல பதினாறு பேரு தனித்தனியாப் பட்டறை போடறாங்க. மொத்தம் பதினோராயிரத்து நானூத்திப் பன்னெண்டு வேலை.”

“நான்? நான் எங்க இருக்கறேன்?”

அவள் திரையைத் தள்ளிப் பார்த்தாள். “அம்மா கம்பெனிலயே ஸ்டோர்ஸ் மேனேஜர் சார்.”

“அவளுக்குக் கீழயா?”

“ஆமாங்க சார். பிரஷர் மாத்திரைகூடப் போடறதில்லை. நல்லாத்தான் இருக்கீங்க.”

நந்தகோபால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தார். அதற்குள் பலகையில் ஏறிவிட்டது.

நந்தகோபால்: 11,412.

அப்புறம் நடந்ததை விவரிக்க ஆயிரம் நாக்கு வேண்டும். செய்தி அவர் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஓர் ஆம்பளை! நம்ம ஆம்பளை! அந்த எண்ணைத் தொட எந்தப் பெண்ணாலும் முடியவில்லை! மீசையை எடுத்தவர்கள் வருந்தினார்கள். தங்கமுத்து வீட்டு வாசலில் வந்து நின்று, கட்டிப்பிடித்து அழுதேவிட்டார். “நந்து, எங்க மானத்தைக் காப்பாத்திப்போட்டீங்க! அப்படி என்ன முடிவுங்க மாத்துனீங்க? ஏரோப்ளேன் கம்பெனி வைக்கறதா இருந்தீங்களா?”

“ரகசியமுங்க” என்றார் நந்தகோபால் பலவீனமாக.

“அடக்கத்தைப் பாருங்கய்யா!”

வியாழக்கிழமை மாலையே பாராட்டு விழா. ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் ஒரு மண்டபம், நானூறு பேர், சந்தனமாலை, பொன்னாடை. ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள். நந்தகோபால் ஏவுகணை செய்ய இருந்ததாக ஒருவர் சொன்னார். இன்னொருவர் அவர் அந்தக் காலத்திலேயே ரகசியமாக ஒரு வங்கி தொடங்கத் திட்டம் வைத்திருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். கோகிலவாணி இரண்டாவது வரிசையில், அரக்குப் பட்டில், கையில் பாதாம்பால் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். கணவரைப் பற்றித் தனக்குத் தெரியாதது இவ்வளவு இருக்கிறதா என்று வியப்பவரைப்போல் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

“இப்ப விழா நாயகர் பேசுவார்!”

நந்தகோபால் எழுந்தார். பேச ஒரு நல்ல பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தார்: துபாயில் வேலை கிடைத்தது, போகாமல் விட்டேன் என்று. ஏவுகணையையே நம்பிய கூட்டம் துபாயை நம்பாதா? பிறகு நாளைக் காலை கோகிலாவுக்கு ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் தடுத்துவிட்டால் முடிந்தது. இந்தச் சந்தனமாலையோடேயே செத்துப்போகலாம்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது வரிசையைப் பார்த்தார். அவள் மற்றவர்களைப்போல் கைதட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் பேசப்போவதை உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாய்க் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பவர்கட்டில் ஜன்னலோரம் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

“நான் ஒண்ணும் செய்யலைங்க” என்றார் நந்தகோபால். கூட்டம் ஆரவாரம் செய்தது. “இல்லீங்க, கேளுங்க. அந்தப் பதினோராயிரமும் என்னோடதில்லை. கோகிலாவோடது. ராஜ்கோட்டுக்கு அவளைத்தான் அனுப்பறேன்னாரு மொதலாளி. எங்கிட்டக் கேட்டாரு. அவளுக்கு வெளியூர்த் தண்ணி சேராதுன்னு நானாச் சொல்லிப்போட்டேன். அவளைக் கேக்கவே இல்லை. இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருந்தா என்னன்னுதான் மெசின்ல கேட்டேன்.”



கோகிலவாணி எழுந்து நின்றார். கோபப்படுவார், அழுவார், டம்ளரை வீசுவார் என்று நானூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

“அப்ப... என்னையத்தான் கூப்புட்டாங்களா?”

“ஆமா கோகிலா.”

“என்ற டிசைன் சரியில்லைன்னு என்னைய விட்டுப்போடலீங்களா?”

“இல்ல அம்மணி.”

“நாப்பத்துநாலு வருசமா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். “நான் மட்டம்னுதானுங்க நெனச்சுட்டிருந்தேன். அனுப்பின பையன் என்னைய விடக் கெட்டிக்காரன்னு நெனச்சுத்தான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.”

நந்தகோபால் அதை அன்றுதான் கேட்டார். சந்தனமாலை இரும்புச் சங்கிலிபோல் கனத்தது.

நிலைமையைக் காப்பாற்றத் தங்கமுத்து மைக்கைப் பிடுங்கினார். “அட இதுக்குப் போயா நந்து! இதெல்லாம் ஒரு விசயமா? என்ற ஊட்டுக்காரிக்குக்கூட எங்க பேங்க்லயே வேலை வந்துச்சு. அவளுக்குக் கணக்கு வராதுன்னு நானே சொல்லியனுப்பிச்சுட்டேன்!”

“எங்க ஊட்டுல காலேஜ் லெக்சரர் வேலை. பஸ்ல வாந்தி வரும்னு சொல்லிப்போட்டேன்!” என்றார் மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர்.

“நான் ஆடிட்டர் பரிச்சைய நிறுத்தினேன், கண்ணு கெட்டுப்போகும்னு!”

நண்பனைத் தேற்றும் உற்சாகத்தில் கைகள் உயர்ந்துகொண்டே போயின. இருபது, ஐம்பது, நூறு. தங்கள் பக்கத்து நாற்காலிகளில் தங்கள் மனைவிமார் உட்கார்ந்திருப்பது ஒருவர் பின் ஒருவராக நினைவுக்கு வந்தபோது, கைகள் அப்படியே காற்றில் நின்றன. அதற்கப்புறம் அன்று பாதாம்பாலைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மறுபாதை வாசலில் நின்ற பெண்களின் வரிசை திருச்சி ரோட்டைத் தொட்டு, வளைந்து, நந்தகோபாலின் கணக்குப்படி சூலூர் வரைக்கும் போயிற்று. கோகிலவாணிக்கு ஏற்கெனவே நேரம் கொடுத்திருந்ததால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. முந்தின இரவிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நந்தகோபால் பின்னாலேயே போய், அனுமதி கேட்டு, அறையின் மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

“என்ன கேக்கறீங்கம்மா?” என்றாள் நஸ்ரின்.

“வேலைய விடாம இருந்திருந்தா என்னன்னு கேக்கலாம்னு இருந்தேன் கண்ணு. அதுதான் நேத்தே இவரு புண்ணியத்துல தெரிஞ்சு போச்சு. வேற கேக்கறேன்.” மூலையில் இருந்தவரைப் பார்க்காமலே சொன்னார்: “இவரைக் கட்டாம வேற யாரையாச்சும் கட்டியிருந்தா?”

நந்தகோபால் கண்ணை மூடிக்கொண்டார். எந்திரம் நாலே நிமிஷத்தில் நின்றுவிட்டது.

“மாற்றமில்லை” என்றாள் நஸ்ரின்.

“எப்படிக் கண்ணு?”

“அந்த வருஷம் உங்களுக்குப் பார்த்திருக்கக்கூடிய மாப்பிள்ளைங்க முன்னூத்தி ஆறு பேரை வச்சு ஓட்டிப் பார்த்திருக்கும்மா. முன்னூத்தி ஆறு பேரும் ராஜ்கோட்டை நிறுத்திர்றாங்க. ஒருத்தர் தண்ணி, ஒருத்தர் சாப்பாடு, ஒருத்தர் ஜாதகம். சொல்ற காரணம்தான் வேற.”

கோகிலவாணி திரையைப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் நிற்கவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

“முன்னூத்தி ஆறு பேருக்கு இவரே பரவால்ல கண்ணு. மேடை ஏறியாச்சும் சொன்னாரு.” அப்புறம் முதன்முறையாக மூலைப் பக்கம் திரும்பினார். “அதுக்காக நல்லவருன்னு நெனச்சுக்காதீங்க. பேசறதுக்கு எனக்கு இன்னும் நாளாகும்.”

“சரி அம்மணி.”

நஸ்ரின் திரையை அணைத்துவிட்டுத் தயங்கினாள். “அம்மா, ஒண்ணு கேக்கலாங்களா? எங்க எந்திரத்தைக் குளிர வைக்கிற தண்ணிப் பம்ப்பு கரண்ட்டைத் தின்னுது. எங்க என்ஜினியருங்க மூணு பேருக்கும் பிடிபடலை. அந்தச் சக்கரத்தோட வளைவு உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?”

“மறந்தாத்தான?” என்றார் கோகிலவாணி.

“திங்கக்கிழமை வந்து அவங்களோட உக்காந்து பார்க்க முடியுங்களா? தினமும் வர்ற மாதிரி இருக்கும். ரெண்டு மூணு மாசம் ஆகலாம்.”

மூலையில் நந்தகோபாலின் வாய் தானாகத் திறந்தது. எழுபத்தொரு வயசு, சர்க்கரை வியாதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மூன்று காரணமும் நாக்கில் வரிசையாக வந்து நின்றன. “அவளுக்கு...” என்று ஒரு சத்தம்கூட வெளியே வந்துவிட்டது.

நஸ்ரின் அவரைப் பார்க்கவில்லை. கோகிலவாணியும் பார்க்கவில்லை. நந்தகோபால் வாயை மூடினார். அது மூடிய சத்தம் வெளியே சூலூர் வரைக்கும் நின்ற வரிசைக்குக் கேட்டிருக்கும்.

கோகிலவாணி அவசரப்படவில்லை. அவரிடமே நேராகக் கேட்கப்பட்ட கேள்வி; அதை நன்றாக உட்கார்ந்து, சாய்ந்து, அனுபவித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“திங்கக்கிழமை எனக்கு வேற சோலி இருக்குது கண்ணு. செவ்வாய்க்கிழமை வாரேன்.”

திங்கட்கிழமை அப்படி என்ன சோலி என்று கேட்க நந்தகோபாலுக்கு உயிரே போனது. கேட்கவில்லை.